படம் முதலில், ஸ்டென்ட் பிறகு: பித்தநாளப் புற்றுநோயில் வரிசை ஏன் முக்கியம்



இந்த வார எபிசோடில் சர்வர் விழுந்தால் முதலில் என்ன செய்யணும் என்று பேசிக்கொண்டிருந்தோம். "ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி லாக்கையும் மெமரி டம்ப்பையும் எடுத்து வை. ரீஸ்டார்ட் ஆயிட்டா தடயம் போயிடும்" என்பது நம்ம தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விதி. அந்தப் பேச்சுக்கு நடுவே, மருத்துவத்திலும் இதே விதி பித்தநாளப் புற்றுநோயில் இருக்கு என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதை விரிவாக எழுதச் சொல்லி நிறைய பேர் மெயில் போட்டிருந்தீர்கள். இந்த இதழ் முழுக்க அதுதான்.

நான் டாக்டர் இல்லை. நெதர்லாந்தில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிற ஐடி ஆள். ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் படங்களைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றும் புராஜெக்டில் 2 வருஷம் இருந்தேன். இந்த விஷயத்தில் ஆர்வம் அங்கே தொடங்கியது. போன வருஷம் திருச்சியில் இருக்கும் என் மாமாவுக்கே இந்த நோய் வந்தபோது அது வெறும் ஆர்வமாக இல்லாமல் போய்விட்டது. நோயைத் தீர்மானிப்பது டாக்டர்களின் வேலை. ஆனால் எது எந்த வரிசையில், ஏன் நடக்கிறது என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால், சரியான கேள்வியைச் சரியான நாளில் கேட்கலாம். இந்த நோயில் அந்த நாள் தவறினால் திரும்பக் கிடைக்காது.

குழாய் எங்கே ஓடுகிறது

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அதைச் சேகரிக்கும் நுண்குழாய்கள் கல்லீரலுக்குள் மரக்கிளை மாதிரி பரவியிருக்கின்றன. அவை ஒன்றுசேர்ந்து வலது, இடது என்று 2 பெரிய குழாய்களாகி, கல்லீரலின் வாசலில் ஒரே குழாயாக இணைகின்றன. வழியில் பித்தப்பையின் குழாய் வந்து சேருகிறது. பிறகு அந்தப் பொதுக் குழாய் கணையத்தின் தலைப்பகுதிக்குள் புகுந்து, சிறுகுடலின் தொடக்கத்தில் திறக்கிறது. அதன் விட்டம் சாதாரணமாக 6 மில்லிமீட்டர் அளவுதான். பென்சிலை விட மெல்லிசு.

இந்தக் குழாயின் உள்சுவரில் வருவதுதான் பித்தநாளப் புற்றுநோய். மருத்துவப் பெயர் கொலாஞ்சியோகார்சினோமா. இடத்தை வைத்து இதை 3 வகையாகப் பிரிக்கிறார்கள்: கல்லீரலுக்கு உள்ளே, கல்லீரல் வாசலில், கணையத்தை ஒட்டிய கீழ்ப்பகுதியில். சுமார் பாதி கட்டிகள் வாசல் பகுதியில்தான் வருகின்றன. 1965ல் ஜெரால்ட் கிளாட்ஸ்கின் என்ற அமெரிக்க மருத்துவர் இப்படிப்பட்ட 13 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதனால் வாசல் கட்டிக்கு 'கிளாட்ஸ்கின் டியூமர்' என்ற பெயரும் உண்டு.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கு. பொதுக் குழாய் ஒரு 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்'. அங்கே ஒரு சின்னக் கட்டி வந்தாலே அடைப்பு, உடனே காமாலை, உடனே அலாரம். ஆனால் கல்லீரலுக்கு உள்ளே ஒரு கிளை மட்டும் அடைத்தால் மற்ற கிளைகள் வேலையைச் சமாளித்துவிடும். காமாலை வராது, கட்டி சத்தமில்லாமல் வளரும். பேக்கப் லிங்க் இருக்கும் நெட்வொர்க்கில் ஒரு கேபிள் அறுந்தது மாசக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போவது மாதிரி.

வலி இல்லாத காமாலை

அடைப்பு வந்ததும் பித்தநீரில் இருக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் ரத்தத்துக்குத் திரும்புகிறது. அதன் அளவு டெசிலிட்டருக்கு 2.5, 3 மில்லிகிராம் ஆகும்போது கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். அது தண்ணீரில் கரையக்கூடிய வகை என்பதால் சிறுநீரிலும் இறங்கி, கட்டாங்காப்பி நிறத்துக்குக் கொண்டுபோகும். குடலுக்குப் பித்தநீர் வராததால் மலம் வெளுத்து, களிமண் நிறமாகிவிடும். உடம்பெல்லாம் அரிப்பு. இந்த 4ம் சேர்ந்தால் பிரச்சினை குழாயில் என்று அர்த்தம். கூடவே எடை குறையும், பசி இருக்காது. வலி மட்டும் பெரும்பாலும் இருக்காது. "வலி இல்லையே, ஒண்ணும் இருக்காது" என்று நினைக்க வைப்பதும் அதுதான்.

நம் ஊரில் கண் மஞ்சளானால் முதலில் வரும் யோசனை கீழாநெல்லி. வைரஸ் காமாலையில் பெரும்பாலானவை சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அதனால் எதைக் குடித்திருந்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். குழாய் அடைப்புக் காமாலை அப்படி இறங்காது. 50 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு வலி இல்லாமல் காமாலை, வெளுத்த மலம், அரிப்பு என்றால், பத்தியம் இருந்து பார்க்க அதில் நேரம் கிடையாது. அதே வாரத்தில் ரத்தப் பரிசோதனையும் வயிற்று அல்ட்ராசவுண்டும் எடுத்தாகணும்.

கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் ஒரு பேட்டர்ன் தெரியும். வைரஸ் காமாலையில் ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற 2 என்சைம்கள் தாவி ஏறும். குழாய் அடைப்பில் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ், ஜிஜிடி என்ற இரண்டும் முன்னால் நிற்கும். அல்ட்ராசவுண்டில் அடைப்புக்கு மேலே உள்ள குழாய்கள் வீங்கியிருக்கும். வீக்கம் எங்கே முடிகிறதோ அங்கேதான் அடைப்பு. காமாலையோடு, வலியில்லாமல் வீங்கிய பித்தப்பை கைக்குத் தட்டுப்பட்டால் காரணம் பெரும்பாலும் கல் அல்ல என்று கூர்வாசியே என்ற சுவிஸ் சர்ஜன் 1890லேயே எழுதி வைத்தார். அந்த விதியை இன்றைக்கும் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

தடயம் அழிவதற்கு முன் படம்

அடுத்த கட்டம்தான் எபிசோடில் நான் சொன்னது. அல்ட்ராசவுண்டில் அடைப்பு தெரிந்ததும் 2 வழிகள் முன்னால் வரும். ஒன்று, ஈஆர்சிபி செய்து ஸ்டென்ட் வைப்பது. வாய் வழியாக எண்டோஸ்கோப்பை சிறுகுடல் வரை இறக்கி, பித்தநாளத்தின் வாய்க்குள் ஒரு மெல்லிய குழாயைச் செருகுவார்கள். ஈஆர்சிபி 1968 முதல் இருக்கும் நுட்பம், இப்போது ரொம்பப் பரவலானது. சில நாளில் காமாலை இறங்கும், அரிப்பு போகும், பசி வரும், குடும்பமே மூச்சு விடும். இன்னொன்று, எதையும் தொடாமல் முதலில் முழுசாகப் படம் எடுப்பது.

படம் என்றால் இரண்டு. முதலாவது, கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி, வெவ்வேறு நேரக் கட்டங்களில் எடுக்கும் மெல்லிய ஸ்லைஸ் சிடி. கட்டி கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறதா, வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்று இது சொல்லும். இந்தக் கட்டி நார்ச்சத்து மிகுந்தது, மருந்தை மெதுவாக உறிஞ்சி வெகுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கடைசிக் கட்டப் படமும் முக்கியம்.

இரண்டாவது எம்ஆர்சிபி. எம்ஆர்ஐ மெஷினிலேயே எடுப்பது, 1991ல் அறிமுகமானது. அசையாமல் நிற்கும் திரவம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும்படி செட்டிங் வைப்பார்கள். பித்தநீரே மையாக மாறி, குழாய் மரம் முழுக்கத் தானே வரைந்து காட்டும். குழாய்க்குள் எதையும் செருக வேண்டாம், மருந்து செலுத்த வேண்டாம்.

ஸ்டென்ட் வைத்தபின் இதே படங்களை எடுத்தால் என்ன ஆகும்? பித்தநீர் வடிந்துவிட்டதால் வீங்கியிருந்த குழாய்கள் சுருங்கிவிடும். மை போச்சு. குடலிலிருந்து காற்று குழாய்க்குள் ஏறிவிடும். ஸ்டென்ட் உரசுவதால் சுவர் வீங்கி, கட்டி எது, புண் எது என்று பிரிக்க முடியாமல் போகும். மெட்டல் ஸ்டென்டாக இருந்தால் சிடியில் கோடுகோடாக இழுக்கும்.

அந்த மருத்துவமனை புராஜெக்டில், பெயர் நீக்கிய டெஸ்ட் டேட்டாவை வைத்து வியூவரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு ரேடியாலஜிஸ்ட் ஒரே நோயாளியின் 2 படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஸ்டென்ட்டுக்கு முன் எடுத்ததில் கட்டி எந்தக் கிளை வரை ஏறியிருக்கிறது என்று எனக்கே விரல் வைத்துக் காட்ட முடிந்தது. பின்னால் எடுத்ததில் ஒரு சாம்பல் கலங்கல் மட்டும். வாசல் கட்டியில் வலது பக்கக் கல்லீரலை எடுப்பதா, இடது பக்கத்தை எடுப்பதா என்ற முடிவு சில மில்லிமீட்டரில் தங்கியிருக்கு. கலங்கலை வைத்து அந்த முடிவை எடுக்கச் சொல்வது சர்ஜனுக்கும் கஷ்டம், நோயாளிக்கும் ஆபத்து.

கீழ்ப்பகுதிக் கட்டியில் இன்னொரு காரணமும் உண்டு. கணையத் தலைப்பகுதிப் புற்றுநோயில் ஆபரேஷனுக்கு முன் வழக்கமாக ஸ்டென்ட் வைப்பது நல்லதா என்று இங்கே நெதர்லாந்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2010ல் முடிவு வெளியானது. ஸ்டென்ட் இல்லாமல் சீக்கிரமே ஆபரேஷன் செய்தவர்களில் 39 சதவீதம் பேருக்குக் கடுமையான சிக்கல்கள். முதலில் வடித்துவிட்டுப் பிறகு ஆபரேஷன் செய்தவர்களில் 74 சதவீதம். பித்தநாளத்தின் கீழ்ப்பகுதிக் கட்டிக்கும் ஆபரேஷன் அதேதான் என்பதால் அந்தப் பாடம் இங்கேயும் பொருந்துகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதை மறக்கவே கூடாது. காமாலையோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் தேங்கிய பித்தநீரில் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். ரத்தம் வரை பரவினால் உயிருக்கே ஆபத்து. அப்போது படத்துக்காகக் காத்திருக்காமல் உடனே வடிக்கத்தான் வேண்டும். தீப்பிடித்த சர்வரில் யாரும் லாக் தேட மாட்டோம், இல்லையா?

மாமா விஷயத்தில் நடந்தது

மாமாவுக்கு 61 வயது. அல்ட்ராசவுண்டில் அடைப்பு என்று தெரிந்த அன்று ராத்திரி மாமா பையன் கூப்பிட்டான். "மச்சான், நாளைக்குக் காலையில ஸ்டென்ட் வச்சிடலாம்னு சொல்றாங்க. அப்பாவுக்கு அரிப்பு தாங்கல. சரின்னு சொல்லிடட்டுமா?"

"காய்ச்சல், நடுக்கம் ஏதாவது இருக்காடா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்போ டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. ஸ்டென்ட்டுக்கு முன்னாடி சிடியும் எம்ஆர்சிபியும் எடுத்து, ஒரு கல்லீரல் சர்ஜன்கிட்ட காட்டிடலாமான்னு."

கேட்டான். அந்த டாக்டர் கோபப்படவில்லை. "எடுத்துட்டே வாங்க, நல்லதுதான்" என்று அவரே எழுதிக் கொடுத்தார். 2 நாள் தாமதம், அவ்வளவுதான். அந்த 2 நாளும் மாமா ராத்திரி தூங்காமல் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எம்ஆர்சிபியில் கட்டி வாசல் பகுதியில், வலது கிளைப் பக்கம் ஏறியிருப்பது தெளிவாகத் தெரிந்தது. அந்தப் படங்களை வைத்துத்தான் சென்னையில் ஒரு சர்ஜன் "எடுத்துடலாம், ஆனா தயார் பண்ணணும்" என்றார்.

திசு கிடைக்காத புற்றுநோய்

மற்ற பல புற்றுநோய்களில் பயாப்ஸி எடுத்துப் பார்த்தால் கதை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. கட்டி குழாய்ச் சுவரோடு ஒட்டி, நார் நாராகப் படர்கிறது. புற்றுச் செல்கள் அந்த நாருக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். ஈஆர்சிபி செய்யும்போது சின்ன பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தால், புற்றுநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான் அது பிடிபடும். 'நெகட்டிவ்' என்று ரிப்போர்ட் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த டெஸ்ட்டில் மாட்டவில்லை, அவ்வளவுதான்.

இதற்குத்தான் கொலாஞ்சியோஸ்கோப் வந்தது. சுமார் மூன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயின் நுனியில் கேமரா. ஈஆர்சிபி ஸ்கோப்பின் வழியாகவே அதைப் பித்தநாளத்துக்குள் அனுப்பி, சுவரை நேரில் பார்த்து, சந்தேகமான இடத்தில் சின்ன இடுக்கியால் திசு எடுக்கலாம்.

ரத்தத்தில் சிஏ 19-9 என்ற மார்க்கரையும் பார்ப்பார்கள். அதை மட்டும் நம்ப முடியாது. புற்றுநோயே இல்லாமல், வெறும் அடைப்பினாலேயே அது ஏறும். ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் பேருக்கு மரபணு காரணமாக அந்தப் பொருள் உடம்பில் உருவாகவே உருவாகாது.

இன்னொரு பக்கம், புற்றுநோய் மாதிரியே வேஷம் போடும் நோய்களும் உண்டு. ஐஜிஜி4 சம்பந்தப்பட்ட பித்தநாள அழற்சி அதில் முக்கியமானது. படத்தில் பார்க்க அச்சு அசல் கட்டிதான். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையில் கரைந்துவிடும். அதனால் கத்தியை எடுப்பதற்கு முன் ஐஜிஜி4 ரத்த அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆபரேஷனுக்கு வாய்ப்பிருக்கும் வாசல் கட்டியில், வயிற்றுக்கு வெளியிலிருந்து ஊசி குத்தித் திசு எடுப்பதைப் பெரிய மையங்கள் தவிர்க்கின்றன. ஊசிப் பாதையில் செல்கள் சிந்திப் பரவலாம் என்பதுதான் காரணம். அமெரிக்காவில் மேயோ கிளினிக் 1993ல் தொடங்கிய, வெட்டி எடுக்க முடியாத வாசல் கட்டிக்குக் கல்லீரல் மாற்று செய்யும் திட்டத்தில், அப்படி ஊசி குத்தியவர்களைச் சேர்ப்பதே இல்லை. படமும் அறிகுறிகளும் போதுமான அளவு சந்தேகம் தந்தால், திசு உறுதியாகாமலேயே சர்ஜன்கள் ஆபரேஷனுக்குப் போவார்கள். எடுத்த பிறகு சிலருக்குப் புற்றுநோயே இல்லை என்று தெரியவருவதும் உண்டு. நம்மைப் போன்ற ஆட்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் 100 சதவீத உறுதிக்காகக் காத்திருந்தால் எடுக்கக்கூடிய கட்டி எடுக்க முடியாததாகிவிடும். 2 ஆபத்துகளில் எது சின்னது என்ற கணக்கு அது.

வெட்டுவது என்றால் எவ்வளவு

கட்டி கீழ்ப்பகுதியில் இருந்தால் விப்பிள் ஆபரேஷன். நியூயார்க் சர்ஜன் ஆலன் விப்பிள் 1935ல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. கணையத்தின் தலை, சிறுகுடலின் முதல் பகுதி, பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி எல்லாம் ஒரே தொகுப்பாக வெளியே வரும். பிறகு மிச்சமுள்ள கணையம், பித்தநாளம், இரைப்பை என்று மூன்றையும் சிறுகுடலோடு தனித்தனியாக இணைப்பார்கள்.

வாசல் கட்டி என்றால் குழாயை மட்டும் வெட்டினால் போதாது. கட்டி ஏறியிருக்கும் பக்கத்துப் பாதிக் கல்லீரல், பின்பக்கம் இருக்கும் வால்மடல் என்ற சின்னப் பகுதி, பித்தநாளம், பக்கத்து நிணநீர்க் கணுக்கள் எல்லாம் போகணும். வால்மடலின் நுண்குழாய்கள் நேராக வாசலில் வந்து சேர்வதால் கட்டி அங்கே ஒளிந்துகொள்ளும். அதையும் சேர்த்து எடுக்கணும் என்று நிலைநாட்டியதில் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்து நிமுராவின் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. மிச்சமுள்ள குழாயைச் சிறுகுடலோடு தைத்துவிடுவார்கள்.

கல்லீரல் திரும்ப வளரும். ஆனால் வளரும்வரை மிச்சமிருப்பது உடம்பைத் தாங்கியாகணும். வாசல் கட்டிக்காரர்களின் கல்லீரல் ஏற்கெனவே காமாலையில் அடிபட்டது என்பதால், மொத்தத்தில் 30 முதல் 40 சதவீதமாவது மிஞ்சணும் என்று பார்ப்பார்கள். சிடி படத்தை வைத்து சாஃப்ட்வேரில் முப்பரிமாண மாடல் செய்து, வெட்டப்போகும் கோட்டை வரைந்து, மிஞ்சும் கன அளவைக் கணக்குப் போடுவார்கள். ஸ்டென்ட்டுக்கு முன்னால் எடுத்த அந்தத் தெளிவான படம் இங்கே இரண்டாவது தடவை கைகொடுக்கிறது.

மாமாவுக்கு வலது பக்கம் போகணும். இடது பக்கம் 28 சதவீதம்தான் தேறியது. போதாது. 1980களில் ஜப்பானில் மக்கூச்சி போன்ற சர்ஜன்கள் கொண்டுவந்த ஒரு தந்திரம் இதற்கு இருக்கு. எடுக்கப்போகும் பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் நரம்பின் கிளையை முன்கூட்டியே அடைத்துவிடுவார்கள். ரத்தம் முழுக்க மறுபக்கம் திரும்பும், அந்தப் பக்கம் சில வாரங்களில் வளரும். டிராஃபிக்கை மாற்றிவிட்டுப் புது சர்வருக்குச் சூடேற்றுவது மாதிரி. மாமாவுக்கு 4 வாரத்தில் 39 சதவீதம் ஆனது.

காமாலையில் ஊறிய கல்லீரல் நன்றாக வளராது. எனவே மிஞ்சப்போகும் பக்கத்தை மட்டும் முன்னதாக வடிக்கணும். ஸ்டென்ட்டின் முறை வருவது இங்கேதான். எந்தப் பக்கம் மிஞ்சும் என்று தெரிந்த பிறகு, அந்தப் பக்கத்துக்கு. மாமாவுக்கும் இடது பக்கத்துக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்புறம்தான் அரிப்பு நின்றது.

இந்த வடிப்பும் சின்ன விஷயமில்லை. ஆபரேஷனுக்கு முன் எண்டோஸ்கோப் வழியாக வடிப்பதா, தோல் வழியாக ஊசி செலுத்தி வடிப்பதா என்று நெதர்லாந்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2018ல் வெளியான அந்த ஆய்வை 54 பேரோடு பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. தோல் வழிக் குழுவில் 27 பேரில் 11 பேரும், எண்டோஸ்கோப் குழுவில் 27 பேரில் 3 பேரும் இறந்திருந்தார்கள். இப்படிப்பட்ட நோயாளிகளை அடிக்கடி பார்க்கும் மையம் ஏன் வேணும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

ஆபரேஷன் நடக்கும்போதே குழாயின் வெட்டு ஓரத்திலிருந்து சின்னத் துண்டை எடுத்து உறைய வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஓரத்தில் புற்றுச் செல் இருந்தால், முடிந்தவரை இன்னும் கொஞ்சம் வெட்டுவார்கள். ஓரம் சுத்தமாக இருப்பதுதான் நீண்ட நாள் வாழ்வதற்கான முக்கியமான அடித்தளம்.

உண்மையை மறைக்காமல் சொல்லணும்: வாசல் கட்டி ஆபரேஷன் வயிற்று அறுவைகளிலேயே ஆபத்தானவற்றில் ஒன்று. மேற்கத்திய மையங்களில் ஆபரேஷன் முடிந்த 90 நாளுக்குள் இறப்பவர்கள் 10 சதவீதத்தை ஒட்டி வருகிறார்கள். சுத்தமான ஓரத்தோடு எடுக்க முடிந்தாலும் 5 ஆண்டு தாண்டுபவர்கள் 100க்கு 20லிருந்து 40 பேர். குறைவுதான். ஆனால் எடுக்க முடியாமல் போனவர்களுக்கு அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை.

அதற்குப் பிறகு

ஆபரேஷனோடு முடிவதில்லை. பிரிட்டனில் 447 பேரை வைத்து நடந்த பில்கேப் ஆய்வின் முடிவு 2019ல் வந்தது. ஆபரேஷனுக்குப் பின் கேப்சிடபின் மாத்திரை எடுத்தவர்களின் மீடியன் ஆயுள் 51 மாதம், எடுக்காதவர்களுக்கு 36 மாதம். முதன்மைக் கணக்கில் அந்த வித்தியாசம் புள்ளியியல் எல்லையைத் தொடவில்லை. ஆனாலும் மற்ற கணக்குகளையும் சேர்த்துப் பார்த்து, பல நாடுகளில் 6 மாத கேப்சிடபின் வழக்கமாகிவிட்டது. 2023ல் ஜப்பானிலிருந்து எஸ்-1 என்ற இன்னொரு மாத்திரையின் முடிவு வந்தது. 440 பேர். 3 ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை எடுத்த குழுவில் 77 சதவீதம், எடுக்காத குழுவில் 68 சதவீதம்.

மாமாவுக்கு ஓரம் சுத்தம், ஒரு நிணநீர்க் கணுவில் மட்டும் நோய் இருந்தது. கேப்சிடபின் முடித்துவிட்டார். உள்ளங்கைத் தோல் உரிந்து, ஃபோன் ஸ்க்ரீன் கைரேகையை எடுக்க மாட்டேங்குது என்று அலுத்துக்கொள்வார். 3 மாசத்துக்கு ஒருமுறை சிடி. ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் வரும்வரை எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் யாரும் குட் மார்னிங் படம்கூடப் போட மாட்டார்கள்.

ஏஐ இதைச் சீக்கிரம் கண்டுபிடிக்காதா?

நம் பாட்காஸ்ட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கொலாஞ்சியோஸ்கோப் படங்களையும் எம்ஆர்ஐ படங்களையும் வைத்து மாடல்கள் பழக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிக்கல் டேட்டாவில். இது அரிய நோய், படங்கள் குறைவு, மெஷினுக்கு மெஷின் மாறுகின்றன, திசு உறுதியான லேபிள் கிடைப்பதே கஷ்டம். எல்லாரையும் ஸ்கேன் செய்து தேடுவதும் சரிவராது. நோய் இவ்வளவு அரிதாக இருக்கும்போது தப்பான அலாரங்கள்தான் அதிகம் வரும்.

ஆனால் ஆபத்து அதிகமுள்ள குழுக்களைக் கண்காணிப்பதில் அர்த்தம் இருக்கு. பிஎஸ்சி என்ற நாள்பட்ட பித்தநாள அழற்சி உள்ளவர்களுக்கு வருஷா வருஷம் எம்ஆர்சிபி எடுப்பது பல இடங்களில் வழக்கம். பித்தநாளத்தில் பிறவி நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அந்தக் கட்டியையே முன்கூட்டி எடுத்துவிடுவார்கள். தாய்லாந்தின் வடகிழக்கில் பச்சை ஆற்றுமீன் சாப்பிடும் பழக்கத்தால் கல்லீரல் புழு தொற்றி, இந்தப் புற்றுநோய் அங்கே மிக அதிகம். அதனால் அங்கே அல்ட்ராசவுண்ட் முகாம்களே நடத்துகிறார்கள். ஜப்பானில் ஒசாகாவில் ஓர் அச்சகத் தொழிலாளர்களிடம் இந்த நோய் கொத்தாக வந்தது 2012 வாக்கில் வெளியே தெரிந்தது. மெஷினைத் துடைக்கப் பயன்படுத்திய 1,2-டைக்ளோரோபுரோப்பேன் என்ற கரைப்பானை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014ல் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தியது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு உதவுவது

நம்மில் பல பேருக்கு அப்பா அம்மா ஊரில், நாம் இங்கே. இந்த இடத்தில் நம்ம தொழில் நிஜமாகவே கைகொடுக்கும்.

வாட்ஸ்ஆப்பில் வரும் ஃபிலிம் ஃபோட்டோ எந்த சர்ஜனுக்கும் பயன்படாது. பிடிஎஃப் ரிப்போர்ட் என்பது ஒருவரின் கருத்து, அது படம் அல்ல. ஸ்கேன் சென்டரில் டைகாம் ஃபைல்களை சிடியிலோ லிங்க்காகவோ கேளுங்கள். சிடி ஸ்கேனின் ஒவ்வொரு புள்ளியும் வழக்கமாக 12 பிட், அதாவது 4,096 சாம்பல் நிலைகள். சாதாரண ஜேபெக்கில் 256தான். மெல்லிய கட்டி தொலைவது அந்த இடைவெளியில்தான். மெல்லிய ஸ்லைஸ் சீரிஸ் முழுவதும் இருக்கான்னு பாருங்கள். நூற்றுக்கணக்கில் ஃபைல்கள் இருக்கணும். வீசிஸ் போன்ற ஓப்பன் சோர்ஸ் வியூவரில் திறந்து பார்த்து, ஃபைல் உடையவில்லை என்று உறுதி செய்யுங்கள். தெரியாத ஆன்லைன் தளத்தில் ஏற்றுவதாக இருந்தால் பெயர் டேகை, அதாவது 0010,0010ஐயும் பிறந்த தேதியையும் அழித்துவிடுங்கள். படத்துக்கு நீங்களாக அர்த்தம் சொல்லாதீர்கள். அந்த வேலை நமக்கு வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஃபார்வர்ட் செய்ய, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. காய்ச்சலோ நடுக்கமோ இல்லையே, ஸ்டென்ட்டுக்கு முன் கான்ட்ராஸ்ட் சிடியும் எம்ஆர்சிபியும் எடுக்கலாமா?
2. அடைப்பு எந்த இடத்தில், வாசலிலா, கீழ்ப்பகுதியிலா?
3. ஸ்டென்ட்டுக்கு முன்பே கல்லீரல், பித்தநாள சர்ஜன் ஒருவர் படத்தைப் பார்த்தாரா?
4. ஸ்டென்ட் அவசியம் என்றால் எந்தப் பக்கத்துக்கு? பிறகு எடுக்கக்கூடிய பிளாஸ்டிக்கா, எடுக்க முடியாத மெட்டலா?
5. ஐஜிஜி4 பார்த்தாச்சா?
6. இந்த ஆபரேஷனை உங்கள் மையத்தில் வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?
7. 'எடுக்க முடியாது' என்றால், அதை முடிவு செய்தது யார்? வேறு ஒரு பெரிய மையத்தில் படங்களைக் காட்டலாமா?

ஏழாவது கேள்வியைக் கேட்கத்தான் நம் ஆட்கள் தயங்குவார்கள். டாக்டர் தப்பாக நினைப்பாரோ என்று. நல்ல டாக்டர் யாரும் அப்படி நினைப்பதில்லை. படங்கள் முழுசாக, முதல் நாளே எடுத்ததாகக் கையில் இருந்தால், இரண்டாவது கருத்து கேட்க ஒரு லிங்க் அனுப்பினால் போதும்.

அடுத்த எபிசோடில் பேக்கப் எடுப்பதைப் பற்றிப் பேசுகிறோம். எடுத்த பேக்கப்பை ஒரு தடவையாவது ரீஸ்டோர் செய்து பார்த்தவர்கள் அனுபவத்தை மெயிலில் எழுதுங்கள். இந்த இதழில் கேள்வி இருந்தாலும் எழுதுங்கள். மருத்துவக் கேள்வி என்றால் உங்கள் டாக்டரிடம், டைகாம் கேள்வி என்றால் என்னிடம்.